பேச்சில் இருக்கும் ஃபோன்

சாலமோன் ஆறடி ஆள். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் கம்பெனியில் பம்ப் ஹவுஸ் வேலை. மோட்டாரைக் கழற்றி மாட்டுவதில் கெட்டிக்காரன். கரப்பான்பூச்சியைக் கண்டால் மட்டும் கட்டில்மேல் ஏறிவிடுவான். பயம் வந்தால் அவனுக்கு ஒரே மருந்துதான், பெண்டாட்டிக்கு ஃபோன் போடுவது. கரண்ட் போனாலும் ஃபோன், பாம்பைப் பார்த்தாலும் ஃபோன்.

பெண்டாட்டி சாராள் வேலை பார்த்ததோ ஒரு செல்ஃபோன் கம்பெனியில். 2007-ல் அந்தக் கம்பெனி சிப்காட்டில் ஓர் ஏற்பாட்டைச் சோதித்துக்கொண்டிருந்தது. எங்காவது விஷவாயு கசிந்தால், எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பேட்டையின் பாதுகாப்பு ஆபீஸில் ஒரே ஒரு மெசேஜ் அடிப்பார்கள். டவர் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். டவருக்குக் கீழே சும்மா கிடக்கும் ஃபோன் அத்தனையும் அதை ஒரே நேரத்தில் வாங்கிக்கொள்ளும். ஆளுக்கொன்றாக அனுப்பி லைன் அடைத்துக்கொள்ளும் தொல்லை இல்லை. ஒரே ஒரு குறை உண்டு. சும்மா கிடக்கும் ஃபோனுக்குத்தான் அது போய்ச் சேரும், பேச்சில் இருக்கும் ஃபோனுக்குச் சேராது.

மேனேஜர்கள் கூட்டத்தில் ஒருத்தர் இதைக் கிளப்பியபோது, "பேசறவங்க ஃபோனை வெச்சுட்டாப் போச்சு சார், அவ்ளோதான்" என்று சாராள் அலட்டிக்கொள்ளாமல் சொன்னாள். சொல்வதற்கென்ன, வாயா வலிக்கப் போகிறது?

சோதனை நடந்த வாரத்தில் ஒருநாள் காலை அவளும் அந்த வேலையாக கும்மிடிப்பூண்டி ரயிலில் போய்க்கொண்டிருந்தாள். மீஞ்சூர் தாண்டும்போது சாலமோன் கூப்பிட்டான். பின்னால் சங்கு ஊதும் சத்தம் கேட்டது.

"சாரா, பக்கத்து கம்பெனில அமோனியா பைப் வெடிச்சிருச்சு. கண்ணெல்லாம் எரியுது. எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் ஓடிட்டானுங்க. நான் பம்ப் ஹவுஸ்ல கதவ சாத்திக்கினு நிக்கறேன். கெழக்கு கேட்டா, மேக்கு கேட்டா, எதுல போறது?"

அங்கே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ரயிலில் உட்கார்ந்திருப்பவளுக்கு எப்படித் தெரியும்? தப்பான கேட்டில் போனால் நேராக வாயுவுக்குள்ளேயே போய் விழுவான். மெசேஜை இந்நேரம் டவர் சொல்லத் தொடங்கியிருக்கும். கேட்க வேண்டிய ஃபோன்தான் அவளோடு பேசிக்கொண்டிருக்கிறது.

"ஃபோனை வை. எந்த கேட்டுன்னு மெசேஜ் வரும்."

"வைக்கமாட்டேன். நீ பேசிக்கினே இரு. பயமா கீது சாரா."

"பேசிக்கினு இருந்தா வராதுப்பா. எத்தினி தபா சொல்லிகீறேன்?"

"தெரியும். ஆனாலும் வைக்காத."

அவள் கட் செய்தாள். பாதுகாப்பு ஆபீஸ் நம்பரைப் போட்டுப் பார்த்தாள், எங்கேஜ்ட். ஊரே அந்த நம்பரைத்தான் அடித்துக்கொண்டிருக்கும். அதற்குள் மறுபடி சாலமோன். கட் செய்தாள். மறுபடி. அவன் இப்படி விடாமல் அடித்துக்கொண்டிருந்தால் அவன் ஃபோன் சும்மா இருக்கப்போவது எப்போது?

எதிர் சீட்டில் மெஹர்னிசா என்ற அம்மாள், பழவேற்காட்டுக்குப் போகிறவள், மீஞ்சூரில் ஏறியதிலிருந்து பேச்சுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா அது? புருஷனா?"

"ஆமாம்மா."

"அவ்ளோ அவசரமா கூப்புடறாரு, கட் பண்ணிக்கினே கீறியே, இன்னா பொண்ணும்மா நீ?"

நிலைமையைச் சொன்னால் அழுதுவிடுவோம் என்று சாராளுக்குத் தெரியும். ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தால் அவனும் விட்டுவிடுவான் என்று ஃபோனை அடியோடு ஆஃப் செய்து மடியில் வைத்தாள். மெஹர்னிசா முகத்தைத் திருப்பிக்கொண்டு, பொன்னேரியில் இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு ரயில் போன போக்கை என்னவென்று சொல்ல? மாட்டு வண்டி தோற்றது. ஃபோனை ஆன் செய்யலாமா என்று கை பரபரத்தது. ஆன் செய்தால் அவன் கூப்பிடுவான். அந்தச் சமயம் பார்த்து மெசேஜ் வந்து தொலைத்தால்? செய்யாவிட்டால், அவன் கடைசியாக ஒரு வார்த்தை சொல்ல நினைத்திருந்தால்? இந்த இரண்டாவது நினைப்பு வந்ததும் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. கூட்டத்தில் மேனேஜர்களிடம் எவ்வளவு சுலபமாகச் சொன்னோம் என்று நொந்துகொண்டாள்.

கவரப்பேட்டையில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். கும்மிடிப்பூண்டியில் ஏதோ வாயுக் கசிவாம், மேலே போகாதாம். எல்லோரும் இறங்கினார்கள். சாராள் பிளாட்பாரத்தில் நின்று, ஜெபம் பண்ணி, ஃபோனை ஆன் செய்தாள். உடனே அடித்தது.

"எங்க கீற?" சாலமோன்தான்.

"கவரப்பேட்டை ஸ்டேஷன்ல."

"அங்கயே இரு."

சிப்காட் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த லாரியிலிருந்து இறங்கி வந்தான். தலையில் ஈரத் துண்டு, கண் இரண்டும் கோவைப்பழம். அவள் அவன் தோளை, கையை, முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவன் விறைப்பாக நின்றான்.

"மெசேஜ் வந்துச்சு" என்றான். "நீ ஆஃப் பண்ணப்புறம்தான் வந்துச்சு. மேக்கு கேட்டுல போங்கன்னு. அதுக்குள்ள நான் கெழக்கு கேட்டுக்குப் பாதி தூரம் போய்ட்டேன். அப்டியே திரும்பி ஓடியாந்தேன்."

"ஏன் வெச்சேன்னு இப்போ தெரியுதில்ல?"

"தெரியுது. ஆனா அப்போ எனக்கு இன்னா தோணுச்சு தெரியுமா? செத்தாலும் உன் கொரல கேட்டுக்கினே சாவலாம்னு தோணுச்சு. நீ ஆஃப் பண்ணிட்ட."

சாராளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மறுபடி இப்டி ஆனாலும் ஃபோனை வெப்பேன். நூறு தபா வெப்பேன். என் கொரல கேட்டுக்கினு நீ ஒண்ணும் சாவ வேணாம்."

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாலமோன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

"ஃபோனை வெச்சுடு, வேணான்னு சொல்லல" என்றான். "வைக்கறதுக்கு முன்னாடி என் பேரச் சொல்லி ஒரு தபா கூப்ட்டுட்டு வை."

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மீஞ்சூரிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகைதான் வந்தது.