ஒன்பது பேரின் வியாழக்கிழமை

ஆண்டுதோறும் விடுமுறைப் பட்டியலைத் தட்டச்சு செய்வது அந்த நீர்ப்பாசன அலுவலகத்தில் அவள் வேலை. அந்த மாவட்டத்துக்கு மட்டுமான விடுமுறை ஒன்று அதில் உண்டு. அணை உடைந்து, மதகில் வேலையாயிருந்த ஒன்பது ஊழியர்கள் இறந்துபோன நாள். இந்த வருடம் அது வியாழக்கிழமையில் விழுந்தது.

"வெள்ளிக்கு மாத்திடும்மா," என்றார் கண்காணிப்பாளர். "ஜனங்களுக்கு மூணு நாள் சேர்ந்தாப்ல கிடைக்கும்."

அவருடைய அப்பா அந்த ஒன்பது பேரில் ஒருவர். அது தெரிந்ததால் அவள் தயங்கினாள்.

"வருஷா வருஷம் அன்னிக்கு வீட்ல அம்மா அழுகைதான். அம்மா போய்ச் சேர்ந்தும் வீடு அப்படியேதான் இருக்கு. ஒரு தடவையாவது அந்த நாள்ல வேலை பாக்கறேனே."

முன்பு எப்போதாவது மாற்றியிருக்கிறார்களா என்று பழைய கோப்பைப் புரட்டினாள். ஒரே ஒருமுறை, முப்பத்தோரு ஆண்டுகளுக்கு முன். ஓரத்தில் யாரோ பென்சிலால் கிறுக்கியிருந்தார்கள்: 'வருகைப் பதிவேட்டில் ஒன்பது கையெழுத்து கூடுதல். இனி மாற்ற வேண்டாம்.'

"எவனோ வேலைவெட்டி இல்லாதவன்," என்று அவள் காட்டிய குறிப்பைத் தள்ளிவிட்டு, கண்காணிப்பாளர் உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

அந்த வியாழன் காலை பத்தரைக்கு டீக்கார அம்மா பெரிய தட்டோடு வந்தாள். "முப்பத்திரண்டு டீ. சூடா எடுத்துக்கங்க."

"நாங்க இருபத்துமூணு பேர்தானே?"

"தலைய எண்ணிட்டுத்தானே ஊத்தினேன்? பின்னால பெஞ்சுல இருக்கவங்களுக்கு வேணாமா?"

பெஞ்சு காலியாக இருந்தது. அவள் பதிவேட்டைத் திறந்தாள். இருபத்துமூன்றாவது வரிக்குக் கீழே, இன்னும் மை காயாமல், ஒன்பது கையெழுத்துகள்.

கண்காணிப்பாளர் குனிந்து பார்த்தார். ஐந்தாவதில் அவர் விரல் நின்றுவிட்டது.

"என் ரெண்டாங்கிளாஸ் ரிப்போர்ட் கார்டுல இருக்கற கையெழுத்தும்மா இது."

பதிவேட்டை மூடி வைத்தார். பிறகு எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்.

"நீங்க சார்?"

"நீ கிளம்பும்மா."

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். யாரும் தொடாத தட்டில் ஒன்பது டம்ளர்கள் குறைந்திருந்தன. அதற்குமேல் பார்க்க அவளுக்குத் துணிச்சல் இல்லை, வேகவேகமாக நடந்தாள்.

திங்கட்கிழமை அவர் நேரத்துக்கு வந்தார். அடுத்த ஆண்டுப் பட்டியலுக்கு எட்டு மாதம் இருந்தும், பழைய தேதியையே தன் கையால் எழுதி முத்திரை குத்தினார்.

"ஏதாவது பேசினாங்களா சார்?" என்று மெல்லக் கேட்டாள்.

"இல்லம்மா. பக்கத்துல எனக்கு ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டாங்க. அஞ்சு மணி வரைக்கும் எல்லாரும் வேலை பாத்தோம்."