டிசம்பர் இருபத்தெட்டு ஆகாது

1.

இந்தக் கதையை ஜோவிதா எனக்குச் சொல்லவில்லை. அவளுடைய அக்கா ஹெலன் சொன்னாள். தங்கை கட்டிக்கொள்ளவிருந்த ஓஸ்வால்டை ஹெலனுக்கு முதலிலிருந்தே பிடிக்காது. ஆகவே, வாசகரே, சந்தேகத்தை இங்கேயே தொடங்கிவிடலாம்.

2.

ஆஸ்டின் டவுனில் ஒரு மாலை மழை... (வேண்டாம். மழையை வைத்து ஏமாற்றுகிறேன்.)

டிசம்பர் இருபத்தெட்டு, ஞாயிறு, ஜோவிதாவுக்கும் ஓஸ்வால்டுக்கும் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. பத்திரிகை அச்சுக்குப் போகும் சமயத்தில் ஓஸ்வால்ட் வந்து, அந்த நாள் ஆகாது என்றான். அயர்லாந்தில் வேலை பார்த்துத் திரும்பியவன் அவன். டிசம்பர் இருபத்தெட்டு, பைபிளில் வரும் ஏரோது அரசன் மாசில்லாக் குழந்தைகளைக் கொன்றதன் நினைவு நாள். அன்று தொடங்கும் எதுவும் முடியாது என்பது அங்கே பழைய நம்பிக்கையாம்.

“ராகுகாலம் பாக்கறவங்கள கிண்டல் பண்ணுவியே, நீயா பேசற?”

“அங்க இருந்து பாத்தாதான் தெரியும், ஜோ.”

அவளுடைய ஆபீஸில் டப்ளின்காரர் ஒருவரிடம் கேட்டாள். ஆமாம், அப்படி ஒரு நம்பிக்கை உண்டு என்றார். அவன் சொன்னது பொய்யில்லை. அதுதான் அவளை இன்னும் உறுத்தியது.

3.

(அயர்லாந்தில் அவனுக்கு இன்னொருத்தி இருந்தாள் என்று ஒரு பத்தி எழுதினேன். எழுத எழுத சுலபமாக வந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன்.)

“சரி, அதுக்கடுத்த ஞாயித்துக்கெழம?”

“இருபத்தெட்டு எந்தக் கெழமைல வருதோ, அந்தக் கெழமை வருஷம் பூரா ஆகாது.”

“சனிக்கெழம?”

“கல்யாணமாகி சனிக்கெழம குடிபோனா அந்த வீட்ல ரொம்ப நாள் தங்க மாட்டோம்பாங்க.”

“ஆகாத நாளெல்லாம் மனப்பாடமா வெச்சிருக்க. நல்ல நாள் ஒண்ணே ஒண்ணு சொல்லு.”

அவன் டீயைப் பார்த்தான். அதில் ஆடை படிந்திருந்தது. அவன் பயந்திருக்கிறான் என்று அவளுக்குப் பட்டது. எதற்கு என்றுதான் தெரியவில்லை. (எனக்கும்.)

4.

மறுநாள் அவள் தனியாகக் கோயிலுக்குப் போனாள். ஞாயிறு பூசையில் தங்கள் கல்யாணத்தை ஊரறிய அறிவிக்கும் ஓலையை வாசிக்க வேண்டாம் என்றாள்.

“நாளு சரியில்லையாமா?” என்றார் சாமியார்.

“நாளு நல்ல நாளுதான் ஃபாதர்.”

திரும்பும் வழியில் அழுவாள் என்று நினைத்தேன். பசிக்கிறது என்று நின்று மசால் தோசை சாப்பிட்டாள்.

5.

ஓஸ்வால்ட் ஒரு தேதியோடு ஓடிவருவதாக ஒரு முடிவு எழுதினேன், நான் நம்பவில்லை. வராமலே போவதாக இன்னொன்று, அவள் நம்பவில்லை. மிச்சமிருப்பது இவ்வளவுதான்:

அன்று சாயங்காலம் யாரோ கதவைத் தட்ட, ஜோவிதா எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்து...

தட்டியது அவன்தான். அதில் சந்தேகமில்லை. திறக்கலாமா என்று அவள் என்னைக் கேட்கவில்லை, உங்களைத்தான் பார்க்கிறாள்.