மதிலுக்கு அந்தப்பக்கம் சொன்னது

வெளிநாட்டில் யாரோ எழுதி, சென்னையில் யாரோ தமிழாக்கிய பெற்றோர் பயிற்சியைக் காரிமங்கலத்தில் நடத்தும் பொறுப்பு சில்வியாவின் தலையில் விழுந்தது. முதல் பாடம் ஒழுங்காகப் போனது. இரண்டாவதில்தான் வம்பு. பிள்ளையின் கண்ணைப் பார்த்து வாயாரப் புகழ வேண்டுமாம். அப்படியே செய்யச் சொல்லி அம்மாக்களை அனுப்பிவைத்தாள்.

ஜான் பீ மட்டும் சொன்னதைச் செய்தாள். மறுநாளே மகள் அலீனாவுக்குக் காய்ச்சல். பக்கத்து வீட்டுத் தீர்த்தம்மாள் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள், நெடியே வரவில்லை. கண் பட்டுவிட்டது, அதுவும் பெற்றவள் கண் என்று தெருவே முடிவு கட்டியது. அடுத்த வகுப்பில் சில்வியாவும் மின்விசிறியும்தான் இருந்தார்கள்.

இனியும் ஆள் வராவிட்டால் வகுப்பை மூடச் சொல்லிவிட்டது அலுவலகம். ஆசைப்பட்டுச் சேர்ந்த வேலை. சில்வியா ஒரு பாட்டம் அழுதுவிட்டு, ஆரஞ்சுப் பழத்தோடு ஜான் பீ வீட்டுக்குப் போனாள்.

அலீனாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே டீ கொடுத்த ஜான் பீ, மதிலுக்கு அந்தப்பக்கம் இருந்த தீர்த்தம்மாளிடம் கத்தினாள்.

"இந்தப் புள்ளயோட பெரிய ரோதனக்கா! காச்சல் விட்டதும் விடாததுமா எந்திரிச்சு வூடு கூட்டுது. எனக்கு ஒரு வேல மிச்சம் வெக்க மாட்டேங்குது!"

திட்டு வாங்கிய அலீனா தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள்.

சில்வியா டீயைக் கீழே வைத்தாள். பென்னாகரத்தில் அவள் அம்மா இசபெல்லாவும் இப்படித்தான் தெருவெல்லாம் அவளைக் குறை சொன்னாள். அதைத் திட்டு என்றே இத்தனை வருஷம் நம்பியிருக்கிறாளே, மண்டு!

"பாடத்த மாத்திக்கலாங்க்கா. புள்ளய நேரா புகழ வேணாம். பக்கத்து வூட்ல குறை சொல்லுங்க. ஆனா புள்ள காதுல விழணும்."

"இதுக்கு ஒரு கிளாஸாங்க?" ஜான் பீ சிரித்துவிட்டாள்.

அடுத்த வாரம் கூடத்தில் இடமில்லை. அம்மாக்கள் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டே போட்டி போட்டுக் குறை சொன்னார்கள். பார்வையிட வந்த அதிகாரி மாதவராஜ் பதறிப்போனார்.

"ஏம்மா, புள்ளைங்கள இப்படித் திட்றாங்க?"

"புகழ்றாங்க சார்."

புரிந்ததோ இல்லையோ, கூட்டத்தைப் பார்த்து வகுப்பு தொடரட்டும் என்றார்.

முடிந்து வெளியே வந்தபோது, ஜான் பீ தீர்த்தம்மாளிடம் வேண்டுமென்றே உரக்கச் சொன்னாள்.

"இந்த டீச்சரோட தொல்ல தாங்கலக்கா. ஒரு வாரம் வரலன்னா வூடு தேடி வந்து நிக்குது. இத வுட்டுத் தொலைக்கவும் மனசு வரல."

சில்வியா திரும்பவில்லை. வண்டிச் சாவியைத் தேடுகிற சாக்கில் முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினாள்.