வீட்டுப் படியில் விழுந்தவன்

அமெரிக்காவில், ஓரிகனில் எங்கள் மர மில்லில் ஒரு வருடம் யாருக்கும் அடிபடாமல் ஓடினால் எல்லோருக்கும் மாட்டிறைச்சி விருந்து, ஆளுக்கொரு ஜாக்கெட். அதற்கு நாலே நாள் இருக்கும்போது டெல்மர் விழுந்தான்.

அன்று பராமரிப்பு நாள். பட்டை உரிக்கும் இயந்திரத்தின் உச்சியில் சங்கிலி மாற்ற வேண்டும். ஆள் ஏறுகிற தூக்கி ரிப்பேர். சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்டில் பலகைத் தட்டை வைத்து அதில் டெல்மரை ஏற்றச் சொன்னான் ஃபோர்மேன் லைல். ஓட்டியவன் நான். மாதக்கணக்காக அப்படித்தான் செய்கிறோம். எவனும் வாய் திறக்கவில்லை, நான் உட்பட. தட்டு சரிந்தது. பதினைந்தடி கீழே சிமெண்டுத் தரையில் விழுந்தவனுக்கு இடுப்பு போய்விட்டது.

ஆம்புலன்ஸ் வந்தால் மில்லில் விபத்து என்று பதிவாகிவிடுமாம். லைல் தன் வண்டியிலேயே ஏற்றினான். நான் டெல்மரின் மனைவி மார்னிக்குப் போன் செய்தேன். ஆஸ்பத்திரி வாசலில் லைல் குனிந்து டெல்மரின் சட்டையை மெல்லத் தடவினான். பரவாயில்லையே, இவனும் மனுஷன்தான் என்று நினைத்தேன். தூ! மரத்தூளைத் தட்டிக்கொண்டிருந்தான்.

எங்கே விழுந்தார் என்று நர்ஸ் கேட்டதும், வீட்டுப் படியில் என்று லைல் முந்திக்கொண்டான். டெல்மர் பல்லைக் கடித்தபடி தலையாட்டினான். அப்படி எழுதிவிட்டால் மில்லுக்குப் பொறுப்பே இல்லை. ஆபரேஷன் செலவும் அதற்குப் பிறகு சம்பளமில்லாத மாதங்களும் அவன் தலையில்தான். அது தெரிந்தும் நான் என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன ஜென்மமோ நான்.

மார்னி ஓடி வந்தாள். நர்ஸ் தான் எழுதியதை வாசித்துக் காட்டினாள்.

"எங்க வீட்டுக்குப் படியே கிடையாதே," என்றாள் மார்னி.

லைல் சுவரைப் பார்த்தான். நர்ஸ் என்னைப் பார்த்தாள்.

"மில்லுல விழுந்தான். ஃபோர்க்லிஃப்ட்ல மேல ஏத்துனதே நான்தான்," என்றேன்.

லைல் வெளியே போனான். டெல்மர் என் கையைப் பிடித்தான். நன்றி சொல்லப்போகிறான் என்று நினைத்தேன்.

"நாலு நாள்தானடா. மில்லுப் பசங்க இனி என் மூஞ்சில முழிப்பாங்களா?"

இடுப்பு உடைந்து கிடப்பவனின் கவலை இது.

கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. மில்லிலிருந்து பசங்கள். டெல்மர் எப்படி இருக்கிறான் என்று ஒருத்தன்கூடக் கேட்கவில்லை. எங்கே விழுந்ததாக எழுதினார்கள் என்றுதான் கேட்டார்கள்.