மம்தாவின் கவசம்

“என் கோடாலிய உருக்கினது யாருன்னு கேக்கறேன். வாயில இன்னா, கொழுக்கட்டையா?”

“கத்தாதீங்க சார். நான்தான் உருக்கினேன். அதுக்கு இன்னா இப்போ?”

“அதுக்கு இன்னாவா? மாசக்கணக்கா அலைஞ்சு எடுத்தேன் அத!”

“அலைஞ்சவரு அத ஒரு தடவ திருப்பிப் பார்த்திருக்கலாமே. மொட்டக் கோடாலி. அதுக்கு எங்க வீட்டு அருவாமணை தேவல.”

“மம்தா கைக்கு எவ்ளோ பொருத்தமா இருந்துச்சு தெரியுமா உனக்கு?”

“உனக்கு கினக்குன்னு பேசாதீங்க. மம்தா இன்னா உங்க வீட்டுப் பொண்ணா?”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தங்கச் சுரங்கத்து ஊரிகம் லைன் வீடுகளுக்கு ஜனம் திரும்பிக்கொண்டிருந்த நேரம். கிளாரன்ஸ் வீட்டு முன்னறையிலிருந்து இப்படிச் சத்தம் வந்தால், யாரால் நேரே பார்த்து நடந்து வீட்டுக்குப் போக முடியும்? கழுத்தில் ஜெபமாலையோடு பாதிப் பேர் அவர் ஜன்னலில் ஒட்டிக்கொண்டோம். கத்திக்கொண்டிருந்தது ஜெயகரன், பெரிய தொழிற்சாலையில் டர்னர். பதில் சொன்னது ஐடா, எங்கள் வரிசை ஆனியின் மகள், நர்சிங் ஹோமில் நர்ஸ். நடுவில் இந்த மம்தா யார் என்பதுதான் ஜன்னலில் நின்றவர்களின் கவலை. ஜெயகரனுக்கு முப்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகாதவன். ஆகவே ஆளுக்கொரு மம்தாவை மனதில் செய்துகொண்டோம்.

எட்டிப் பார்த்தால் கம்ப்யூட்டர் திரையில் தாடிவைத்த ஒரு முரட்டு ஆள் வெறும் கையோடு நின்றுகொண்டிருந்தான். அவன்தான் மம்தா.

விஷயம் இதுதான். கிளாரன்ஸ் சுரங்க ஆபீஸில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, முன்னறையில் இரண்டு கம்ப்யூட்டர் போட்டிருந்தார். ஒன்று கல்யாண பயோடேட்டா டைப் அடிக்க, இன்னொன்று கேம் ஆட. சுரங்கத்தை மூடத்தான் போகிறார்கள் என்று ஊரே நம்பத் தொடங்கியிருந்த இரண்டாயிரமாவது வருஷத்தில், ஊரிகத்தில் வளர்ந்துகொண்டிருந்த ஒரே தொழில் அதுதான். பெங்களூரில் யாரோ நகல் எடுத்துக் கொடுத்த சிடியில் அந்தக் கேம் வந்தது. குகை குகையாக இறங்கிப் பிசாசுகளை வெட்ட வேண்டும். சிடியில் ஏதோ கோளாறு. புது வீரனைத் தொடங்கினால் கம்ப்யூட்டர் நின்றுவிடும். பெங்களூர்க்காரன் ஏற்கெனவே மம்தா என்று பெயர் வைத்து அனுப்பியிருந்த இந்தத் தாடிக்காரன் மட்டும்தான் நடப்பான். யார் வந்து உட்கார்ந்தாலும் அவனையேதான் ஆட வேண்டும்.

இதைக் கிளாரன்ஸ் யாருக்கும் சொல்லவில்லை. ஐடா காலையில் வந்து ஆடிவிட்டு மதிய ஷிப்டுக்குப் போவாள். ஜெயகரன் சாயங்காலம் சைக்கிளை நிறுத்திவிட்டு உட்காருவான். தான் வைத்த பொருள் காணாமல் போவதையும், வைக்காத பொருள் பெட்டியில் முளைப்பதையும் இரண்டு பேருமே கம்ப்யூட்டரின் குணம் என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே நேரத்தில் வந்து சேர்ந்ததால் குட்டு உடைந்தது.

“இன்னா மேன், ஒரு பிளாஸ்டிக் கோடாலிக்கு இவ்ளோ கத்து?” என்றார் கிளாரன்ஸ்.

“பிளாஸ்டிக் இல்ல அங்கிள். எஃகு!” என்றான் ஜெயகரன். ஜன்னலில் சிரிப்பு எழுந்தது. அவன் சிரிக்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவன் ஆள் நல்லவன். கோபம் மட்டும் சங்கு ஊதுகிற மாதிரி ஊருக்கே கேட்கும்.

கோடாலியை ஏன் உருக்கினாள் என்று ஐடா அன்றைக்கு அங்கேயே பாடம் நடத்தினாள். அந்தக் கேமில் பிசாசு செத்தால் ஏதாவது கீழே விழும். துருப்பிடித்த கத்தி, கிழிந்த செருப்பு, ஓட்டைக் கேடயம். ஜெயகரன் அதையெல்லாம் பொறுக்கிக் கடைக்காரனிடம் விற்றுக்கொண்டிருந்தான். ஐடா ஒன்றையும் விற்கமாட்டாள். பட்டறையில் போட்டு உருக்கி உடைப்பாள். உடைத்தால் தூள் வரும். அந்தத் தூளோடு நல்ல கவசத்தை உலையில் வைத்தால் கவசம் ஒரு படி ஏறும்.

“குப்பையிலதான் சார் எல்லாம் இருக்குது. நம்ம சயனைடு மேட்டப் பார்த்து வளர்ந்தவருதானே நீங்க?” என்றாள்.

அவள் சொன்னது சரிதான். ஆலையில் அரைத்துத் தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டிய மண் மலைமலையாகக் கிடக்கிற ஊர். அதிலும் இன்னும் தங்கம் இருக்கிறது என்று பால்காரர்கூட அடித்துச் சொல்வார். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவன் துருப்பிடித்த கத்தியை விற்றுத் தின்றிருக்கிறான்.

“சரிங்க சிஸ்டர்,” என்று உட்கார்ந்தான். நர்சை வேறு எப்படிக் கூப்பிடுவது? ஆனால் அந்த சிஸ்டர் என்ற அழைப்பை அவன் வெகுநாள் காப்பாற்றவில்லை என்பதை நாங்கள் கவனித்துக்கொண்டுதான் இருந்தோம்.

அதன்பிறகு மம்தா முறைப்படி இரண்டு ஷிப்டு பார்த்தான். காலை ஷிப்டில் ஐடா குப்பை சேர்த்துத் தூளாக்கிப் பெட்டியில் வைப்பாள். சாயங்கால ஷிப்டில் ஜெயகரன் ஆழத்தில் இறங்கிச் சண்டை போடுவான். தொடக்கூடாத பொருளின்மேல் அவள் ஒரு சிவப்பு மருந்துக் குப்பியை வைத்துவிட்டுப் போவாள். அவன் தொடமாட்டான். பதிலுக்கு அவன் நல்லதாக ஏதாவது கிடைத்தால் நீலக் குப்பியோடு வைப்பான். ஒரு நாள் பெட்டி நிறைய நீலக் குப்பியாக இருந்ததாம். கீழே பார்த்தால் பன்னிரண்டு ஜோடி கிழிந்த செருப்பு. ஐடா தனியாக உட்கார்ந்து சிரித்ததைக் கிளாரன்ஸ் எங்களுக்கு நடித்தே காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். அவன் கம்ப்யூட்டர் எலியை உருட்ட, இவள் வாய் வேலை பார்த்தாள். மம்தாவுக்கு ஒரு மார்புக் கவசம் செய்யத் தொடங்கினார்கள். ஒவ்வொரு படியும் ஏற ஏற, உலையில் அது வெடித்து உடைகிற வாய்ப்பும் ஏறும். உடையாமல் காப்பாற்ற ஒரே வழி, காப்புக்கல் என்று ஒன்று. அது லேசில் கிடைக்காது. கல் இல்லாமலே நடுங்கி நடுங்கி ஆறாவது படி வரைக்கும் ஏற்றிவிட்டார்கள். அவள் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொள்வாள். அவன், “மூடாதீங்க, பார்த்தாதான் ஏறும்,” என்பான்.

இதற்கிடையில் ஆனிக்குத் தூக்கம் போய்விட்டது. பெங்களூர் பாங்க் ஒன்றில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை ஐடாவுக்கு வந்திருந்தார். கத்தோலிக்கர், சொந்த வீடு, மெல்லிய மீசை. ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறுக்குள் பதில் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இதற்கு முன்பே இரண்டு இடத்தை ஐடா தட்டிக் கழித்திருந்தாள்.

“மாப்பிள்ளைக்குக் குடி இருக்குதா, வேலை நிரந்தரமான்னு நான் கேக்கறேன்,” என்று குழாயடியில் ஆனி அழுதாள். “இவ, வீட்டுல ஏதாச்சும் ஒடைஞ்சா அவரு இன்னா பண்ணுவாருன்னு கேக்கறா. நான் போயி அவங்க அம்மாகிட்ட இதையா கேப்பேன்?”

கேட்டுச் சிரித்தோம். பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. ஐடாவின் அப்பா ஏசுபாதத்தை எல்லோருக்கும் தெரியும். சாம்பியன் சுரங்கத்தில் ஆட்களைக் கேஜ் கூண்டில் கீழே இறக்குகிற வேலை. தங்கமான மனுஷர், வீட்டில் ஒன்றும் கைதவறி விழாத வரைக்கும். விழுந்துவிட்டால் வரிசையில் நான்கு வீட்டுக்குச் சுவர் அதிரும். ஆனியின் கையில் தழும்பு இருக்கிறது. அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியும், ஐடா காப்பித் தம்ளரை இன்னும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள்.

ஜெயகரனை அவளுக்குப் பிடித்திருந்தது என்பது ஊரறிந்த ரகசியம். அவன் கத்துவதைக் கேட்டுத்தானே அவனோடு பேச ஆரம்பித்தாள்? சிக்கலே அங்கேதான் இருந்தது.

பிப்ரவரி கடைசியில் சுரங்கத்தை மூடினார்கள். மார்ச்சில் காப்புக்கல் கிடைத்தது. அதைக் கண்டெடுத்த சந்தோஷத்தில் ஜெயகரன் கிளாரன்ஸைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான். ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து ஏழாவது படி ஏற்றுவதாகப் பேச்சு.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஐடா ஷிப்டுக்குப் போகவில்லை. சாயங்காலம் ஜெயகரன் வரும் நேரத்துக்குச் சற்று முன்னால் கிளாரன்ஸ் வீட்டுக்குள் போனாள். அந்த நேரம் பார்த்து எங்கள் தம்பி மகனுக்குக் கல்யாண பயோடேட்டா டைப் அடிக்க நாங்களும் அங்கே போக வேண்டியிருந்தது. பையன் ஒன்பதாவதுதான் படிக்கிறான். இருந்தாலும் முன்கூட்டியே தயாராக இருப்பது நல்லதுதானே.

ஐடா கவசத்தை எடுத்து உலையில் வைத்தாள். தூளைப் போட்டாள்.

“ஐடா, கல்லு வெக்கல மேன் நீ,” என்றார் கிளாரன்ஸ்.

“தெரியும் அங்கிள்.”

கண்ணைத் திறந்துகொண்டே அழுத்தினாள். திரையில் வெள்ளையாக மின்னி, கண்ணாடி நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். மம்தா சட்டையில்லாமல் நின்றான். ஐடா கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். கிளாரன்ஸ் சிலுவை போட்டுக்கொண்டார்.

சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. ஜெயகரன் டிபன் கேரியரோடு உள்ளே வந்தான்.

“கவசம் ஒடைஞ்சிடுச்சு,” என்றாள் ஐடா, அவன் உட்காரும் முன்பே. “நான்தான் ஒடைச்சேன்.”

அவன் முகம் சிவந்தது. அது பொய்யில்லை, பக்கத்திலிருந்து பார்த்ததுதான். மொட்டைக் கோடாலிக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமையை நாசம் செய்தவன். மாசக்கணக்கான உழைப்பு இது. டைப் அடிக்கிற சத்தம் நின்றது. அவன் கேரியரைக் கீழே வைத்தான். அதற்கே கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டான்.

“எத்தினாவது படிக்கு?”

“ஏழாவதுக்கு.”

“தூள் எவ்ளோ வந்துச்சு?”

அவள் அதைப் பார்க்கவே இல்லை. அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான். “பரவால்லியே. நெறையவே வந்துகிது. பெரிசு ஒடைஞ்சா தூளும் பெரிசா வருது பாரு. இதுலயே இன்னொண்ண அஞ்சு வரைக்கும் ஏத்திடலாம்.”

சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறந்தான். மேல் மூலையில் காப்புக்கல் அப்படியே இருந்தது.

அவன் கை எலிமேல் நின்றுவிட்டது. கைதவறியது வேறு, கல் கைவசம் இருந்தும் அதைப் போடாமல் உடைத்தது வேறு. அந்த வித்தியாசம் தெரியாத ஆள் இல்லை அவன். கல்லைப் பார்த்தான், பிறகு ஐடாவைப் பார்த்தான். அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு, அடி விழப்போகிற பிள்ளை மாதிரி, அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“கல்லு இருக்குது,” என்றான், ரொம்ப மெதுவாக. “நல்லதாப் போச்சு. அடுத்ததுக்கு ஆவும்.”

அவள் மடியில் கோத்த கைகளை இன்னும் பிரிக்கவில்லை.

“கைய இன்னாத்துக்கு இப்பிடி இறுக்கிக்கினு இருக்கற?”

“இறுக்கல.”

“சரி. இறுக்கல,” என்று ஸ்டூலைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி, எலியை அவள் பக்கம் தள்ளினான். “குப்ப பொறுக்கலாம், வா. எனக்கு அது வராது. நீயே பொறுக்கு, நான் பார்க்கறேன்.”

ஐடா எலியை எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, பிறகு சிரிப்புச் சத்தம். கிளாரன்ஸ் பயோடேட்டாவில் பையனின் உயரத்தை எட்டடி என்று அடித்துவிட்டார். யாரும் திருத்தவில்லை.

மறுநாளே, ஐடா சொல்லி, பாங்க் மாப்பிள்ளை வீட்டுக்கு ஆனி வேண்டாம் என்று சொல்லியனுப்பினாள். அதற்குப் பிறகு நடந்த சண்டைகள் பெரியவர்களுடையவை. ஜெயகரன் வீடு பிராட்டஸ்டண்ட். அவன் அம்மா, மாதா சொரூபம் இருக்கிற வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்றாள். ஆனி, மெழுகுவத்தி இல்லாத கோயிலில் என் பெண் எப்படிக் கும்பிடுவாள் என்றாள். கடைசியில் தாலி கத்தோலிக்கக் கோயிலில், பிரியாணி அவர்கள் சபை ஹாலில் என்று முடிந்தது. மே மாதம் கல்யாணம். அவன் அம்மா வேண்டுமென்றே அரைமணி நேரம் தாமதமாக வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்து அழுதாள்.

ஜெயகரனுக்கு மைசூருக்கு மாற்றல் கிடைத்தது. அடுத்த வருஷம் ஆனியும் அங்கே போனாள். ஆட்டோக்காரர்களிடம் மருமகன் போடுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்குமாம், வாசற்படி ஏறினால் கேட்காதாம். கிளாரன்ஸ் கம்ப்யூட்டரைப் பூதிகோட்டைக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டு, கடல் தாண்டி பெர்த்தில் இருக்கும் தங்கையிடம் போய்விட்டார். அந்த பாங்க் மாப்பிள்ளை எங்கள் ஊர்ப் பாலகாட் லைனில் ஒரு டீச்சரைக் கட்டிக்கொண்டு வசதியாக இருக்கிறார். வீட்டில் ஏதாவது உடைந்தால் அவர் என்ன செய்கிறார் என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாயே திறக்கமாட்டேன் என்கிறார்கள்.