பித்ராவுக்கு ஒதுக்கிய சாக்கு

இலங்கையில் அரசாங்கக் கூப்பன் அரிசி குறைக்கப்பட்டு, ஊரே மரவள்ளிக் கிழங்கில் நோன்பு திறந்துகொண்டிருந்த எழுபத்து மூன்றாம் ஆண்டில், மாத்தளை மிளகு வியாபாரி அப்துல் ஸமதின் பின்னறையில் மூன்று மூட்டை அரிசி பதுங்கிக் கிடந்தது. விலை ஏறட்டும் என்று, சட்டத்துக்கு மறைந்து கிடந்தது. பசித்த மனிதர்கள் கேட்டார்கள், இல்லை என்றார். வண்டுகள் கேட்கவில்லை, நுழைந்தன.

பெருநாளைக்கு நான்கு நாள் இருக்கையில் அவர் மனைவி ஜுனைதா ஒரு மூட்டையை அவிழ்த்தாள். அரிசி ஊர்ந்தது. பின் ஒழுங்கையில் மூன்று பிள்ளைகளோடு வாழ்ந்த கைம்பெண் மஸூதாவுக்கு உடனே ஆள் போயிற்று. வண்டு போகப் புடைத்துத் தந்தால் கூலியாக நல்ல அரிசி மூன்று கொத்து என்று பேச்சு. பெருநாளன்று சோறு உண்டு என்று மஸூதா பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மூன்று நாள் முற்றத்தில் பாய் விரித்து உலர்த்தினாள். வெயில் ஏற ஏற வண்டுகள் பாயின் ஓரத்துக்கு ஓடின. நோன்பின் வறண்ட நாவோடு சுளகில் புடைத்து, முழு அரிசியைப் பாயில் குவித்தாள்; குடைந்த நொய்யும் மாவும் வண்டும் ஒரு சாக்கில் சேர்ந்தன.

“இத கோழிக்குப் போடவா மாமி?”

“கோழிக்கு ஏன்? பித்ராவுக்கு ஈக்கட்டும்.”

பெருநாளில் எந்த ஏழையும் பசித்திருக்கலாகாது என்று, தொழுகைக்கு முன் அளந்து கொடுக்கும்படி விதிக்கப்பட்ட தானியம் பித்ரா. மார்க்கம் விதித்தது தானியத்தை. ஜுனைதா ஒதுக்கியது குப்பையை.

பெருநாளுக்கு முந்திய மாலை, அதே சாக்கிலிருந்து தன் வீட்டு நான்கு பேருக்கான பித்ராவை அளந்து மஸூதாவின் பையில் போட்டாள்.

“கூலி மாமி?”

“அதுவும் இதுலயே சேந்து ஈக்கு.”

“அப்ப கோழிக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லியா?”

“ஈக்கு. கோழி வாய் காட்டாது.”

மஸூதா பையைப் பாயில் புடைத்து வைத்த வெள்ளைக் குவியலின் மேல் கவிழ்த்தாள். பின் சாக்கையும் இழுத்துவந்து கவிழ்த்தாள். கறுத்த வண்டுகள் அரிசிக்குள் புகுந்து மறைந்தன. சத்தம் கேட்டு வந்த அப்துல் ஸமத் பொலிசுக்கு ஆள் அனுப்புவதாகக் கையை ஓங்கினார்.

“கூப்பிடுங்க ஹாஜியார். எத்தன மூட்டைன்னு அவங்களும் எண்ணட்டும்.”

ஓங்கிய கை இறங்கியது.

மறுநாள் பள்ளிவாசலில் தக்பீர் முழங்கியபோது மஸூதாவின் பிள்ளைகள் மரவள்ளிக் கிழங்கைத்தான் தின்றார்கள். ஜுனைதா பெருநாள் சேலையோடு முற்றத்தில் குந்தி, பிடிக்கத் தெரியாத சுளகைப் பிடித்துக்கொண்டிருந்தாள். புடைத்துத் தரச் சொல்லி ஒழுங்கையில் மூன்று வீடுகளுக்கு ஆள் அனுப்பியிருந்தாள், ஒருத்தியும் வரவில்லை.