சிவப்பு எண் நாற்பத்திரண்டு

என் புருஷன் மேத்யூ நல்லவர்தான். நல்லவர் செய்கிற நாசத்துக்குத்தான் மருந்து கிடையாது.

சடையங்குப்பம் பக்கம் ஏரியை ஒட்டியிருக்கும் ‘லேக் வியூ நகர்’ வெள்ளிவிழா கொண்டாடி ஒரு மலர் போட்டது. அதன் முதல் வரி: ‘நாங்கள் வந்தபோது இங்கே மனித வாடையே இல்லை.’ அந்த நகரில் மூன்று பங்களாவில் நான் பாத்திரம் தேய்க்கிறேன். பாதி ஏரியைத் தூர்த்து மனை போட்டது 1998-ல். லாரி லாரியாக வந்த சாம்பலையும் செம்மண்ணையும் வாரிப் பரப்பிய கூலிகளில் மேத்யூவும் ஒருவர். முதலில் குடிவந்த ஆறு குடும்பமும் ஒரு வருஷம் குடித்தது எங்கள் அடிபம்புத் தண்ணீர். மனித வாடையே இல்லையாம், வாய் கூசாமல் எழுதியிருக்கிறார்கள்.

மலர் வந்த கையோடு நோட்டீசும் வந்தது. ஏரிக்கரைமேல் இருக்கும் எங்கள் வீடு நகர் வந்தபிறகு முளைத்த ஆக்கிரமிப்பு, இடிக்கவேண்டும் என்று நகரின் சங்கம் மனு போட்டிருந்தது. 98-க்கு முன்பே இருந்தோம் என்று காட்டினால் வீடு தப்பும். ரேஷன் கார்டு, ரசீது எல்லாம் 2015 வெள்ளத்தோடு போய்விட்டன. மிச்சம் வாசல் சுவர் ஒன்றுதான். 1985 வெள்ளத்துக்கு நிவாரணக் கணக்கு எடுத்தவர்கள் அதில் சிவப்புப் பெயிண்டில் ‘42 – 17.11.85’ என்று எழுதியிருந்தார்கள். வெளிறிப் போயிருந்தாலும் படிக்க முடியும். “அந்தச் சுவரே போதும், அதிகாரி நேரில் வந்து பார்க்கட்டும்” என்றார் வக்கீல்.

திங்கட்கிழமை பார்வையிட வருவதாக இருந்தது. ஞாயிறு நான் வேலை முடித்துத் திரும்பியபோது வீடு வெள்ளை வெளேரென்று நின்றது. வாசல் சுவரில் புத்தம்புதுச் சிவப்பில் 42.

“இன்னாய்யா பண்ண?”

“நம்பரு மங்கிப் பூட்ச்சி ஜானட். அவ்ளோ பெரிய ஆபீசரு வராரு, கண்ணுக்குத் தெரிய வேணாமா? சுரண்டி எட்த்து, சுண்ணாம்பு அட்ச்சி, அதே எடத்துல பளிச்சுனு எழ்திட்டேன்.”

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் காசிமேட்டில் அவர் அப்பாவின் கல்லறையை இப்படித்தான் சுரண்டிச் சுண்ணாம்படித்துப் பெயரைப் புதிதாக எழுதுவார். எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். அதை யாரும் தப்பென்று சொன்னதில்லை. நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் அதிகாரி எண்ணை விரலால் தொட்டார். பெயிண்ட் பிசுபிசுத்தது.

“எப்ப எழுதினது?”

“நேத்துதான் சார்” என்றார் மேத்யூ. அவருக்குப் பொய் வராது. பழைய எண்ணைப் பிடித்த போட்டோவை என் போனில் காட்டினேன். “போன்ல எதை வேணா செய்யலாம்மா” என்றார் அதிகாரி.

அவரோடு சங்கச் செயலாளர் வல்லரசு நின்றிருந்தார். முதலில் குடிவந்த ஆறு பேரில் அவர் ஒருவர். 2005 வெள்ளத்தில் அவர் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மேடான கரையில் இருந்த எங்கள் வீட்டில்தான் மனைவி, கைக்குழந்தையோடு தங்கினார். போகும்போது ஆணியால் எங்கள் சுவரில் கீறிவிட்டுப் போனார். எனக்கு அது ஞாபகம் வந்ததும் அரிவாள்மணையை எடுத்துவந்து சுண்ணாம்பைச் சுரண்டினேன். விரல் கிழிந்தது. எழுத்து ஆழமாக இருந்ததால் வந்துவிட்டது: ‘வல்லரசு குடும்பம். 4 நாள். நன்றி. 2005.’

“சார், இது உங்க கையெழ்த்து. நீங்க குடி வந்தப்பவே நாங்க இங்கதான கீறோம்? ஒரு வார்த்த சொல்லுங்க சார்.”

வல்லரசு தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்த நாலு நாள்தான் எனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி தெரியாது.”

அதிகாரி எழுத ஆரம்பித்தார். “2005-ல வீடு இருந்திருக்கு, அதுக்கு ஆதாரம் இருக்கு. நகர் வந்தது 98. அப்ப நீங்க பின்னால வந்தவங்கதான். ஒரு வாரத்துல சாமானை எடுத்துக்குங்க.”

ஜீப்பில் ஏறப்போனவரின் பின்னாலேயே மேத்யூ ஓடினார். கையெல்லாம் சிவப்புப் பெயிண்ட்.

“பொய் இல்ல சார். எங்கப்பன் பேரக்கூட வருசா வருசம் நான்தான் புச்சா எழ்தறேன். அவரு செத்தது பொய்யா சார்?”